வீவக வீட்டில் மாதிரி இயந்திரப் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவி இயந்திரம், காற்றில் ஓடும் சிறு எஞ்சின், கையடக்கக் கருவிகள் ஆகியவற்றை உலோகத்தில் கடைந்து, துளையிட்டு, உண்மையாகவே ஓட வைக்க விரும்புவோருக்கான பக்கம் இது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில், 2 சதுர மீட்டர் இடத்தில், அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ளாமல் செய்யக்கூடியது மட்டுமே இங்கே உண்டு.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செய்ய நினைக்கும் எஞ்சினின் வரைபடத்தை எடுத்து, அதில் மிகப்பெரிய வட்டப் பகுதி எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஃப்ளைவீலாக, அதாவது ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரமாக, இருக்கும். அதன் விட்டம்தான் உங்கள் லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) அளவைத் தீர்மானிக்கிறது. தொடக்கநிலையினர் நெடுங்காலமாகச் செய்துவரும் ஸ்டூவர்ட் 10வி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர் விட்டம் 19 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவும் 19 மி.மீ., ஃப்ளைவீல் 76 மி.மீ. இந்த 76தான் நீங்கள் கவனிக்க வேண்டிய எண். பலர் பெரிய லேத்தை வாங்கிவிட்டு அதற்கேற்ற வேலையைத் தேடுகிறார்கள். அறை நிறைந்துவிடுகிறது, எஞ்சின் பிறப்பதில்லை.

எந்த லேத் ஏற்றது?

வீட்டுக்கு இரண்டு வகை பொருந்தும். ஷெர்லைன் போன்ற குட்டி லேத்தின் எடை சுமார் 11 கிலோ. படுக்கை எனப்படும் அடிச்சட்டத்துக்கு மேல் 90 மி.மீ. விட்டமுள்ள பொருள் வரை சுழலும், ஆனால் வெட்டும் டூலைத் தாங்கி நகரும் குறுக்குத் தட்டுக்கு மேல் அதில் பாதிதான். வேலை முடிந்ததும் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். ஒரே அறையில் குடும்பமே புழங்கும் வீட்டுக்கு இது பெரிய வரம்.

அடுத்தது சீனத் தயாரிப்பான மினி லேத். சீக் சி3 வகையும் அதன் பல பெயர் மாற்றங்களும் இதில் அடங்கும். படுக்கைக்கு மேல் 180 மி.மீ., மையங்களுக்கிடையே (அதாவது பிடிக்கக்கூடிய தண்டின் நீளம்) 300 அல்லது 350 மி.மீ., எடை ஏறத்தாழ 40 கிலோ. 10வி எஞ்சினின் ஃப்ளைவீல் இதில் தாராளமாகக் கடையும். பெட்டியைத் திறந்தவுடன் வேலையைத் தொடங்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வழுக்குத் தடங்களின் பிசிறை எண்ணெய்க் கல்லால் நீக்கி, தட்டுகளின் தளர்வைக் குறைக்கும் கிப் திருகுகளைச் சரிசெய்ய ஒரு முழு வார இறுதி ஆகும். பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் சிக்கிக்கொண்டால் உள்ளேயுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். ஒரு மாற்றுத் தொகுதியை லேத்துடனேயே வாங்கி வையுங்கள். குறைந்த வேகத்தில் ஆழமாக வெட்டி மோட்டாரைத் திணறடித்தால் வேகக் கட்டுப்பாட்டு அட்டை கருகும். இவ்வகை லேத்தில் அதிகம் நேரும் பழுதுகள் இந்த இரண்டுதான்.

பழைய மைஃபோர்டு எம்எல்7 அருமையான இயந்திரம். ஆனால் தாங்கியோடு சேர்த்தால் எடை 100 கிலோவைத் தாண்டும். தரைவீடு இருந்தால் பாருங்கள்.

லேத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு ஈடான இன்னொரு தொகையைக் கருவிகளுக்கென ஒதுக்குங்கள். இதை மறந்தவர்களின் லேத் மாதக்கணக்கில் சும்மா நிற்கும்.

மாடி வீட்டுத் தரை 40 கிலோவைத் தாங்குமா?

தாங்கும். குடியிருப்புத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. நிரம்பிய சலவை இயந்திரத்தின் எடை இந்த லேத்தைவிட அதிகம். கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றியல்ல, அதிர்வைப் பற்றி.

வீட்டில் எங்கே வைப்பது?

துணி துவைக்கும் இடம் வசதியாகத் தோன்றும். அதுதான் மிக மோசமான இடம். சாரல் மழை, ஈரத் துணி, சலவை இயந்திரத்தின் ஆவி எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் படுக்கையில் துரு பூக்கும். பொது நடைபாதையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தீ பாதுகாப்புக்காக அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும்.

பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் வீட்டுப் புகலிடத்தில் கனத்த கதவு ஓசையை நன்றாகத் தடுக்கும். அதன் சுவரை உடைப்பதோ கதவை மாற்றுவதோ கூடாது. அலமாரியைத் தனியாக நிற்கும் சட்டமாகப் போடுங்கள். காற்றோட்டம் குறைவு என்பதால், எண்ணெய்ப் புகை எழும் வேலையையோ பற்றவைப்பையோ அங்கே செய்யக் கூடாது. உலோகக் கம்பிகளையும் கருவிகளையும் சேமிக்க அது நல்ல இடம். லேத்துக்கு ஏற்றது படுக்கையறையின் உட்சுவரை ஒட்டிய மூலை. அண்டை வீட்டோடு பகிரும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

சத்தம் பற்றி அண்டை வீட்டார் புகார் சொல்வார்களா?

லேத்தின் ஓசை தையல் இயந்திரத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கீழ்வீட்டுக்குப் போய்ச் சேர்வது ஆக்ஸா பிளேடால் அறுப்பதும், சுத்தியால் தட்டுவதும், டூல் தீட்டும் பெஞ்ச் கிரைண்டரும்தான். மேசைக் கால்களுக்கு அடியில் 10 மி.மீ. ரப்பர் கட்டைகள் வையுங்கள். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்கு அடியிலும் ஒரு ரப்பர் விரிப்பு வேண்டும். மேசை சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம் என்று 2022இல் அண்டைவீட்டு இரைச்சலுக்கான சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. பட்டறை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓய்ந்துவிடட்டும். தொடங்குவதற்கு முன் கீழ்வீட்டுக்குப் போய், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தீபாவளிப் பலகாரத்தோடு போனால் இன்னும் நல்லது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஓசைதான் ஆளை எரிச்சலூட்டும்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியவை என்ன?

இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மினி லேத் 350 முதல் 550 வாட் வரை எடுக்கும். சாதாரண 13 ஆம்பியர் செருகுவாயே போதும். அமெரிக்காவிலிருந்து வரும் 110 வோல்ட் இயந்திரத்தை அப்படியே செருகினால் மோட்டார் போய்விடும். தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். வேகமாற்றிப் பெட்டி வைத்த மூன்று கட்ட மோட்டார் என்றால் வேறொரு தொல்லை உண்டு. அதன் வடிகட்டி வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானை அடிக்கடி விழவைக்கும். அந்தத் துண்டிப்பானை ஒருபோதும் மாற்றவோ நீக்கவோ கூடாது. கசிவு குறைந்த வடிகட்டி உள்ள பெட்டியை வாங்குங்கள். புதிய இணைப்பு தேவையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

மேசை எப்படி இருக்க வேண்டும்? லேத்தை எப்படிப் பொருத்துவது?

1200க்கு 600 மி.மீ., உயரம் 850 முதல் 900. மேற்பரப்புக்கு 18 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டித் திருகுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை நம் ஈரப்பதத்தில் ஊதி வளையும். மேசை வளைந்தால் அதோடு லேத்தும் முறுகும்.

பொருத்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். படுக்கை சிறிது முறுகியிருந்தாலும் கடையும் தண்டு கூம்பாகிவிடும். ரசமட்டம் மட்டும் போதாது. இதைச் செய்து பாருங்கள்.

25 மி.மீ. விட்டமுள்ள தண்டைச் சக்கில் பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டுங்கள். மறுமுனையைத் தாங்கும் பின்மையத்தைப் பயன்படுத்தக் கூடாது. நடுப்பகுதியைக் கொஞ்சம் ஒடுக்கி, இரு முனைகளிலும் 10 மி.மீ. அகல வளையங்களை விடுங்கள். கூரிய டூலால், அமைப்பை மாற்றாமல், இரண்டு வளையங்களையும் 0.1 மி.மீ. ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். பிறகு மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வேறுபாடு 0.02க்குள் இருந்தால் விட்டுவிடலாம். வெளிமுனை பருத்திருந்தால், அந்த முனையில் உங்கள் பக்கத்துக் காலின் அடியில் மெல்லிய தகடு கொடுத்து உயர்த்துங்கள். ஒல்லியாக இருந்தால் பின்பக்கக் காலை உயர்த்துங்கள். குளிர்பான டின்னின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உள்ளது, கத்தரித்து வைத்தால் போதும். எவ்வளவு தகடு கொடுத்தாலும் மாறவில்லை என்றால் தவறு படுக்கையில் இல்லை, சக்கைத் தாங்கும் தலைப்பகுதி கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் திருகுகளைத் தளர்த்தித் திருத்த வேண்டும்.

துருவை எப்படிச் சமாளிப்பது?

இந்த ஊரில் பட்டறை வைப்பவரின் முதல் எதிரி துருதான். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்த்த கையால் தொட்ட எஃகுத் துண்டில் மறுநாள் காலையில் விரல் ரேகை பழுப்பாகத் தெரியும்.

குளிர்சாதன அறையில் வைத்தால் துரு வராது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மைதான். இரவெல்லாம் 23 பாகையில் குளிர்ந்த 40 கிலோ இரும்பு, காலையில் சன்னலைத் திறந்ததும் வியர்க்கும். நம் வெளிக்காற்றின் பனிப்புள்ளி 24 பாகையை ஒட்டியே இருக்கிறது; அதைவிடக் குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். குளிர்சாதனத்தை அணைத்த பிறகு சன்னலை ஒரு மணி நேரமாவது மூடியே வையுங்கள், இரும்பு மெதுவாகச் சூடேறட்டும். அல்லது அறையின் வெப்பநிலையை 26க்குக் கீழே இறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் உலோகச் சுருள்களைத் தூரிகையால் தள்ளி, 68 தர வழுக்குத்தட எண்ணெயை மெல்லப் பூசுங்கள். மேலே பழைய பருத்தி வேட்டியைப் போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்; உள்ளே ஈரத்தைச் சிறைப்பிடித்துவிடும். நீரில் கரையும் குளிர்விப்பு எண்ணெயும் இந்த அளவு இயந்திரத்துக்கு வேண்டாம். நம் வெப்பத்தில் புளித்து நாறும், தட்டுகளுக்கு அடியில் புகுந்து துருவேற்றும். தூரிகையில் தொட்டு வைக்கும் வெட்டெண்ணெயே போதும்.

அளவுக் கருவிகளுக்குச் சிறந்த இடம், புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைக்கும் டிரை கேபினெட். சிறியதொன்று கெரோசல் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். 40 முதல் 45 விழுக்காட்டில் வைத்தால் மைக்ரோமீட்டர், துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர், உள்மரை வெட்டும் டேப் எல்லாம் பல்லாண்டு பளபளக்கும். கருவிப் பெட்டியில் கற்பூரக் கட்டி போட்டு வைப்பது பழைய தொழிலாளர்களின் வழக்கம். செய்யலாம்; ஆனால் சிறு குழந்தை வாயில் போட்டால் நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் அதைவிடப் பாதுகாப்பானது.

லேத்தைத் தவிர வேறென்ன கட்டாயம் தேவை?

150 மி.மீ. வெர்னியர், 0 முதல் 25 வரையிலான மைக்ரோமீட்டர், நுண்ணிய அசைவைக் காட்டும் 0.01 மி.மீ. டயல் இண்டிகேட்டரும் அதன் காந்தத் தாங்கியும். நான்கு தாடைச் சக் ஒன்று. மூன்று தாடைச் சக் மையம் தவறும், நான்கு தாடையில் இண்டிகேட்டர் வைத்து 0.01க்குள் கொண்டுவரலாம். டிரில் சக், மையத் துளை டிரில்கள், 8 மி.மீ. சதுர ஹைஸ்பீடு எஃகு டூல்கள், எம்2 முதல் எம்5 வரை (2 முதல் 5 மி.மீ. மரை) டேப்பும், வெளிமரை வெட்டும் டையும், நல்ல அரங்கள் நான்கு.

மில்லிங் இயந்திரம் பிறகு வரட்டும். லேத்தின் குறுக்குத் தட்டில் பொருத்தும் செங்குத்துத் தட்டைக் கொண்டே முதல் எஞ்சினை முடிக்க முடியும்.

கிரைண்டர் ஓசை கீழ்வீட்டை எழுப்பும் என்றால் தொடுகோட்டு டூல் பிடிப்பான் வாங்குங்கள். அதில் டூலின் ஒரே முகத்தைத் தீட்டினால் போதும்; வைரத் தகட்டில் கையாலேயே ஓசையின்றித் தீட்டிவிடலாம்.

உலோகம் எங்கே கிடைக்கும்?

ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் திருகாணி, டேப், டிரில், சிறு கம்பிகள் கிடைக்கும். மின்கம்பி, சுவிட்ச், சிறு மோட்டார் வேண்டுமென்றால் சிம் லிம் டவர். பழைய கருவிகள் குவிந்து கிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது இந்தப் பொழுதுபோக்குக்குப் பேரிழப்பு. தொழிற்பேட்டைகளிலுள்ள உலோகக் கடைகளில் முழுக்கம்பி கேட்காமல் வெட்டுத்துண்டு கேளுங்கள். எடைக்கு விலை போட்டுத் தருவார்கள்.

பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பித்தளையில் எளிதாகக் கடைபடும் வகை, அலுமினியத்தில் 6061, எஃகில் 12எல்14. வெறும் ‘இரும்புக் கம்பி’ என்று கேட்டால் கட்டுமானக் கம்பி வரும். அது கிழிந்து கிழிந்து வெட்டுப்படும், தவறு தன் கையில்தான் என்று தொடக்கநிலையினர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். துருவேறா எஃகை முதலாண்டில் தொடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து எஞ்சின் வார்ப்புத் தொகுதி வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் வரி உண்டு.

சுழல்வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஹைஸ்பீடு எஃகு டூலுக்கு ஒரே வகுத்தல் போதும். மென்எஃகுக்கு 8000ஐ மி.மீ. விட்டத்தால் வகுங்கள். பித்தளைக்கு 20000, அலுமினியத்துக்கு 25000, வார்ப்பிரும்புக்கு 6000. 20 மி.மீ. எஃகுத் தண்டு என்றால் நிமிடத்துக்கு 400 சுற்று. அதே எஃகில் 6 மி.மீ. துளைக்கு 1300. சிறு டிரில்லை மெதுவாகச் சுற்றி அழுத்துவதால்தான் அது முறிகிறது.

வெட்டிப் பிரிக்கும்போது லேத் அலறுகிறது. ஏன்?

டூல் மைய உயரத்தில் இல்லை, அல்லது அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வெட்டும் இடம் சக்கிலிருந்து தள்ளியிருக்கிறது. மூன்றையும் சரிசெய்து, டூலைச் சுமக்கும் வண்டியைப் பூட்டி, வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, தயங்காமல் ஒரே சீராக உள்ளே தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தள்ளினால் டூல் வெட்டாமல் தேய்க்கும், அலறலும் கூடும்.

முதல் எஞ்சினாக எதைச் செய்வது?

சிலிண்டரே ஊசலாடும் எளிய எஞ்சின். அதற்கு வால்வு, அதை இயக்கும் எக்சென்ட்ரிக் எதுவும் வேண்டாம். சிலிண்டர் ஆடும்போதே அதன் துளை, எதிரே நிற்கும் தகட்டில் ஒருமுறை காற்று உள்வரும் துளையையும் மறுமுறை வெளியேறும் துளையையும் சந்திக்கிறது. இதற்கு ஓர் அளவு தருகிறோம்.

சிலிண்டர் 20க்கு 20 மி.மீ. பித்தளைத் துண்டு, 10 மி.மீ. ரீமரால் துளை. பிஸ்டன் 0.02 மி.மீ. குறைவாகக் கடைந்த எஃகு. தண்டைச் சுழற்றும் கிராங்கின் ஆரம் 8 மி.மீ., அதாவது பிஸ்டன் 16 மி.மீ. நகரும். கிராங்க் மையத்திலிருந்து, சிலிண்டரைத் தாங்கும் ஊசல் ஆணி 40 மி.மீ. தொலைவில். ஊசல் ஆணியிலிருந்து காற்றுத் துளை 15 மி.மீ. தொலைவில்.

துளைகளின் இடம்தான் உயிர்நாடி. நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு 15ஐ 8ஆல் பெருக்கி 40ஆல் வகுங்கள்: 3 மி.மீ. துளையின் விட்டம் இந்த 3ஐவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். 2.5 போடுங்கள். 3.5 போட்டுவிட்டால், பிஸ்டன் முனையில் நிற்கும் கணத்தில் சிலிண்டர் துளை இரண்டையும் ஒருசேரத் தொட்டு, காற்று வேலை செய்யாமலே வெளியேறிவிடும். எஞ்சின் சீறும், சுழலாது.

சிலிண்டரும் தகடும் உரசும் இரண்டு முகங்களையும் கண்ணாடியின் மேல் ஒட்டிய 1000 தர உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஃப்ளைவீல் 50 மி.மீ. பித்தளை. கனமாக இருக்கட்டும்.

ஆங்கிலேய வரைபடங்கள் அங்குலத்திலும் பிஏ மரையிலும் இருக்கின்றன. என்ன செய்வது?

பிஏ என்பது பழைய பிரிட்டிஷ் மரை அளவு; அதை மெட்ரிக் மரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2பிஏ 4.7 மி.மீ., அதற்கு எம்5. 4பிஏ 3.6 மி.மீ., அதற்கு எம்4. 6பிஏ 2.8 மி.மீ., அதற்கு எம்3. 8பிஏ 2.2 மி.மீ., இடமிருந்தால் எம்2.5, இல்லாவிட்டால் எம்2. டேப்புக்கு முந்தைய துளைகள்: எம்2க்கு 1.6, எம்2.5க்கு 2.05, எம்3க்கு 2.5, எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2. திருகாணித் தலை பெரிதாவதால் பக்கத்துச் சுவரில் முட்டும் இடங்களை மட்டும் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் நீராவியில் ஓட்டலாமா?

காற்றில் ஓட்டுங்கள். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு வண்ணமடிப்போர் வைத்திருக்கும் சிறு ஏர்பிரஷ் கம்ப்ரசர் ஓசை குறைந்தது; 1 பார் அழுத்தம் போதும். கொதிகலன் வேறு உலகம். வெள்ளிப் பற்றாசு 600 பாகைக்கு மேல்தான் உருகும். அந்தச் சுடருக்கு அடுக்குமாடி அறை ஏற்ற இடமல்ல. வெடித்தால் உள்ளேயுள்ள நீர் கணத்தில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். இயக்க அழுத்தத்தைப் போல் இரு மடங்கில் நீர் அடைத்துச் சோதித்த, சான்றிதழ் உள்ள கொதிகலன் இல்லாமல் நீராவிப் பக்கம் போகாதீர்கள்.

செய்யவே கூடாதது ஏதேனும் உண்டா?

மாதிரிப் பீரங்கி. பிற நாட்டு இதழ்களிலும் காணொளிகளிலும் அதன் வரைபடங்கள் தாராளமாக வரும். சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வகை எதையும் செய்வது கடுங்குற்றம். அளவு சிறியது என்ற சமாதானம் எடுபடாது.

பாதுகாப்பில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். லேத்தில் கையுறை கூடாது. சுழலும் தண்டு அதைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கோயிலில் கட்டிய கைக்கயிறு, வளையல், கழுத்துச் சங்கிலி, துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதே விதி. சக் சாவியைக் கையிலிருந்து விடும் இடம் மேசைதான், சக் அல்ல.

வீட்டுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. நாம் வெறுங்காலோடு நடப்பவர்கள். உலோகச் சுருள் செருப்பில் ஒட்டிக் கூடத்துக்குப் போனால் குழந்தையின் பாதத்தில் ஏறும். பட்டறை மூலைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். அது அங்கேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் தரையைத் துழாவுங்கள். பையைப் புரட்டினால் தூள் குப்பையில் விழும். பித்தளைக்குக் காந்தம் உதவாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பித்தளை, அலுமினியம், எஃகு சுருள்களைத் தனித்தனி டின்களில் சேர்த்தால் பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுக்கலாம். கலந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். பழைய எண்ணெயைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது.

எஞ்சினை முடித்தாகிவிட்டது, ஆனால் ஓடவில்லை. எங்கே பார்ப்பது?

காற்றை மூடிவிட்டு ஃப்ளைவீலை விரலால் சுண்டுங்கள். நான்கைந்து சுற்று தானாகச் சுழல வேண்டும். உடனே நின்றால் காற்றின் மேல் குற்றமில்லை, எங்கோ இறுக்கம் இருக்கிறது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு மறுபடி சுண்டுங்கள். இப்போது நன்றாகச் சுழன்றால் கிராங்க் ஆணி தண்டுக்கு இணையாக இல்லை என்று பொருள். பிஸ்டன் கோணலாக இழுபடுகிறது. அப்போதும் சுழலாவிட்டால் தாங்கித் துளைகள் ஒரே கோட்டில் இல்லை.

தாராளமாகச் சுழன்றும் காற்றில் ஓடவில்லையா? உரசும் முகங்களின் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காற்றைத் திறங்கள். குமிழி வரும் இடத்தில் முகம் சமமாக இல்லை, மறுபடி உப்புத்தாளுக்குப் போக வேண்டும். குமிழியே இல்லையென்றால் முகங்களைச் சேர்த்து அழுத்தும் ஊசல் ஆணிச் சுருள்வில் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் லேசாகச் சீறும், ஃப்ளைவீல் ஒருமுறை துடிக்கும். அந்த நேரத்தில் விரலால் ஒரு தள்ளு தள்ளுங்கள்.